12 வீடியோ, 2 வாத்தியார், ஒரே ஒரு நல்ல சண்டை: ஒரு சமூகவியல் ஆன்லைன் கோர்ஸ் ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், 5க்கு 3 ஸ்டார், அதுலயும் ரெண்டு ஸ்டார் 10வது வீடியோவுக்கு மட்டும். கோர்ஸ் பேர நான் போடல, அவங்க சப்போர்ட் டீம் கூட எனக்கு ஒரு பஞ்சாயத்து ஓடிட்டு இருக்கு, பேர போட்டு வம்ப வளக்க விருப்பமில்ல. சமூகவியல் அறிமுகம், ரெக்கார்டட் வீடியோ, 12 பாடம், கடைசில ஒரு சர்டிபிகேட். இது போதும்.

நான் ஏன் இதுல சேந்தேன்னா, நான் வேலை பாக்கறது கஸ்டமர் சப்போர்ட்ல. மொத மூணு வருஷம் ஹெட்செட் மாட்டிட்டு கால் எடுத்த ஆளு, இப்போ டேஷ்போர்டு பாத்து ரிப்போர்ட் போடற ஆளு. கால் எடுத்தப்போ மேல உக்காந்து கிராஃப் பாக்கறவங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாதுன்னு திட்டிட்டு இருந்தேன், இப்போ கிராஃப் பாக்கற சீட்டுக்கு வந்ததும் கீழ இருக்கறவங்களுக்கு அடுத்த சீட்டுல என்ன நடக்குதுன்னு கூட தெரியலையேன்னு திட்டறேன், ரெண்டும் ஒரே வாய்தான். இத ஒரு ஃப்ரெண்டுகிட்ட புலம்புனப்போ அவன் சிரிச்சிட்டு, டேய் இந்த ரெண்டு திட்டுக்கும் சமூகவியல்ல பேரே இருக்குடா, மேல இருந்து பாத்தா மேக்ரோ, கிட்ட போய் பாத்தா மைக்ரோ, போய் படின்னு சொல்லி இந்த லிங்க்க அனுப்பினான்.

கோர்ஸ் அமைப்பு எப்படின்னா மொத 5 வீடியோ ஒரு சார் எடுக்கறாரு, அதெல்லாம் மேக்ரோ. அடுத்த 4 ஒரு மேடம், அதெல்லாம் மைக்ரோ. 10வதுல ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து பேசறாங்க. கடைசி ரெண்டும் ரிவிஷன், அத பாக்காம விட்டாலும் ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.

சார் பார்ட்ல துர்கைம்ங்கற பிரெஞ்சு சமூகவியலாளர் பத்தின பாடம் நல்லா இருந்துச்சு. 1897ல வந்த அவரோட தற்கொலை பத்தின ஆய்வுதான் விஷயம். கேக்கவே கனமான சப்ஜெக்ட், ஆனா சார் நிதானமா, பரபரப்பு இல்லாம சொன்னாரு. ஒரு தனி மனுஷன் ஏன் அப்படி ஒரு முடிவுக்கு போனான்னு கேக்காதீங்க, ஒரு நாட்டுல வருஷா வருஷம் வேற வேற ஆளுங்க, வேற வேற காரணம், ஆனா விகிதம் மட்டும் ஏன் கிட்டத்தட்ட அப்படியே நிக்குதுன்னு கேளுங்கன்னாரு. அதான் துர்கைம் கேட்ட கேள்வி. புராட்டஸ்டண்ட் மக்கள் அதிகமா இருக்கற பகுதில கத்தோலிக்கர் பகுதிய விட அதிகம், கல்யாணம் ஆனவங்கள விட ஆகாதவங்ககிட்ட அதிகம், போர் நேரத்துல குறையுது. இதெல்லாம் ஒருத்தர் மனசுக்குள்ள தேடினா கிடைக்காது, அவங்கள சுத்தி இருக்கற உறவு எவ்ளோ இறுக்கமா இருக்கு, எவ்ளோ தளர்ந்து கிடக்குன்னு பாத்தாதான் கிடைக்கும்னு துர்கைம் வாதம். டேஷ்போர்டு பாக்கற ஆளுக்கு இது சும்மா ஜிவ்வுன்னு ஏறும். எனக்கு ஏறுச்சு.

அடுத்து அமெரிக்க சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ், 1959ல எழுதுனது. இந்த பாடத்த நான் ஹால்ல உக்காந்து லேப்டாப்ல பாத்துட்டு இருந்தேன், அக்கா பின்னாடி துணி மடிச்சிட்டு இருந்தா. மில்ஸ் சொன்ன கணக்கு ஸ்க்ரீன்ல வந்துச்சு: 1 லட்சம் பேரு இருக்கற ஊர்ல ஒரே ஒருத்தனுக்கு வேலை இல்லன்னா அது அவனோட சொந்த கஷ்டம், அவன் திறமை என்ன, குணம் என்னன்னு பாக்கலாம். 5 கோடி தொழிலாளிங்க இருக்கற நாட்டுல 1.5 கோடி பேருக்கு வேலை இல்லன்னா அத ஒவ்வொருத்தன் குணத்துலயும் தேட முடியாது, அது பொதுப் பிரச்சனை. அக்கா மடிக்கறத நிறுத்திட்டு, "அத இன்னொரு தடவ ஓட்டுடா"ன்னா. ஓட்டுனேன். அவ டீம் மொத்தத்தையும் ஒரே மெயில்ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அதுக்கப்புறம் மூணு மாசம் அவ தன்னோட பழைய ரிப்போர்ட்ட எல்லாம் தொறந்து தொறந்து எங்க தப்பு பண்ணோம்னு தேடிட்டு இருந்தா. மறுபடி பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, துணிய எடுத்துட்டு உள்ள போயிட்டா. இந்த கோர்ஸுக்கு நான் குடுத்த மூணாவது ஸ்டார் அந்த ஒரு நிமிஷத்துக்கு.

அதுக்கப்புறம் பார்சன்ஸ், சமூகம் மொத்தத்தையும் நாலு வேலையா பிரிச்சு விளக்குனவரு. நாலு கட்டம், கட்டத்துக்குள்ள கட்டம், அம்புக்குறி, 48 நிமிஷம். தூங்கிட்டேன், எழுந்தேன், அதே ஸ்லைடு ஓடிட்டு இருந்துச்சு. மில்ஸே பார்சன்ஸோட பக்கம் பக்கமான எழுத்த எடுத்து நாலு வரில சுருக்கி எழுதி கிண்டல் பண்ணியிருக்காரு. ரெண்டு பேரையும் ஒரே கோர்ஸ்ல எடுக்கற சார் அத ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் முழிச்சிருப்பேன்.

மேடம் பார்ட்டுக்கு வந்ததும் காத்து மாறுச்சு. கோஃப்மன்ல ஆரம்பிச்சாங்க. அடுத்தவங்க முன்னாடி நடிக்கற இடம் முன்மேடை, யாரும் பாக்காத இடம் பின்மேடைன்னு அவரு சொல்றத நாம கேள்விப்பட்டிருப்போம், அது எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கு தெரியாது. ஷெட்லாண்ட் தீவுல ஒரு சின்ன ஹோட்டல்ல அவரு பாத்ததுதான் அதுல முக்கியமான உதாரணமாம், அதோட எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் எழுதுன ஒரு வெயிட்டரையும் எடுத்து காட்டறாரு, கிச்சன்ல ஒரு மாதிரி இருக்கற அந்த வெயிட்டர் கதவ தள்ளிட்டு சாப்பாட்டு ரூமுக்குள்ள காலடி வெக்கறப்போ முகம் மாறுது, தோள் மாறுது, நடை மாறுது. எங்க ஆபீஸ்ல மியூட் பட்டன் இருக்கே, அதுதான் அந்த கதவு. மியூட்ல வாயில வர்றதெல்லாம் வரும், அன்மியூட் பண்ணுன அடுத்த நொடி "புரியுதுங்க சார், உங்க சிரமத்துக்கு ரொம்ப வருந்தறோம்"னு தேன் ஒழுகும். மூணு வருஷம் தெனமும் செஞ்சிருக்கேன், அது ஆராய்ச்சி பண்ற அளவுக்கு ஒரு விஷயம்னு தோணவே இல்ல. இன்னொண்ணு லிஃப்ட்ல நடக்கறது, ஒரு செகண்ட் பாத்துட்டு உடனே கண்ண எடுத்துடறோம்ல, நீ இருக்கறது எனக்கு தெரியும், ஆனா உன்ன தொந்தரவு பண்ண மாட்டேன்னு கண்ணாலயே சொல்றது. இதுக்கும் கோஃப்மன் ஒரு பேர் வெச்சிருக்காரு, தமிழ்ல நாகரிகமான கண்டுக்காமைன்னு மேடம் சொன்னாங்க, எனக்கு அந்த வார்த்தை புடிச்சிருந்துச்சு.

அடுத்து கார்ஃபிங்கல், 1967ல வந்த புத்தகம். இவரு தன்னோட ஸ்டூடண்ட்ஸ, உங்க வீட்டுலயே வாடகைக்கு தங்கியிருக்கற வெளி ஆளு மாதிரி கொஞ்ச நேரம் நடந்துக்குங்கன்னு அனுப்பி, என்ன ஆகுதுன்னு எழுதிட்டு வர சொன்னவரு. அதையே நமக்கும் ஹோம்வொர்க்கா குடுத்திருக்காங்க, 15 நிமிஷம். வீட்டுல யாருக்காச்சும் உடம்பு முடியலன்னா செய்யாதீங்கன்னு கீழ ஒரு குறிப்பு வேற.

செஞ்சேன். சாயங்காலம் வந்து செருப்ப கழட்டிட்டு ஹால் வாசல்லயே நின்னு, "உள்ள வரலாங்களா?"ன்னேன். அம்மா டிவில இருந்து கண்ண எடுக்காமலே "வாடா"ன்னாங்க. சோஃபா நுனில உக்காந்து, "ஃபேன் போட்டுக்கலாமாங்க, உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?" இப்போ திரும்பி பாத்தாங்க. எழுந்து வந்து கழுத்துல கை வெச்சு பாத்தாங்க, காய்ச்சல் இல்ல. அக்கா உள்ள இருந்து, "என்னடா, ஆபீஸ்ல எதாச்சும் ஆயிடுச்சா, உன்னையும் அனுப்பிட்டாங்களா?"ன்னு ஓடி வந்தா. நான் விடாம, "இல்லைங்க, எல்லாம் நல்லபடியா இருக்குங்க"ன்னேன். அவ்ளோதான், அம்மா குரல் ஒடைஞ்சு போச்சு. "நான் என்னடா தப்பு பண்ணேன், எதுவா இருந்தாலும் மொகத்துக்கு நேரா சொல்லிடு"ன்னாங்க. மொத்தம் 6 நிமிஷம் கூட ஆகல, நான் சரண்டர் ஆயிட்டேன், கோர்ஸு ஹோம்வொர்க்குன்னு சொன்னதுக்கு அக்கா தலகாணிய எடுத்து அடிச்சா. அப்புறம் மேடம் வீடியோல சொல்றாங்க, கார்ஃபிங்கலோட ஸ்டூடண்ட்ஸ் வீட்டுலயும் இதேதான் கேட்டாங்களாம், உடம்பு சரியில்லையா, யார் கூடயாச்சும் சண்டையா, ஏன் கோவமா இருக்கன்னு. மரியாதையா பேசுனத மரியாதையா யாருமே எடுத்துக்கல. வீட்டுல யாரும் யாருகிட்டயும் பர்மிஷன் கேக்காம இருக்கோம் பாருங்க, அந்த கேக்காமைதான் வீட்ட தாங்கிட்டு இருக்கற தூண், அத உருவி பாத்தாதான் அது தூணுன்னே தெரியுது.

இப்போ குறை.

சார் 5 வீடியோல ஒரு தடவ கூட மேடம் பாடத்த பத்தி பேசல. மேடம் 4 வீடியோல சார் பாடத்த ரெண்டு தடவ லேசா நக்கல் அடிச்சதோட சரி. 9வது வீடியோ முடிவுல ஒரு அட்டவணை வருது, இடது பக்கம் மேக்ரோ, வலது பக்கம் மைக்ரோ. இங்க துர்கைம், மார்க்ஸ், பார்சன்ஸ், அங்க மீட், புளூமர், கோஃப்மன், கார்ஃபிங்கல். இங்க கட்டமைப்பு, அங்க உரையாடல். இங்க புள்ளிவிவரம், அங்க நேர்ல பாக்கறது. மனப்பாடம் பண்ணிக்குங்க, டெஸ்ட்ல வரும்னு ஒரு வாய்ஸ் ஓவர். ரெண்டு கிரிக்கெட் டீம் மாதிரி ஆக்கி வெச்சுட்டாங்க. எனக்கு இது சுத்தமா புடிக்கல. எங்க வீட்டு ஹால்ல அந்த 6 நிமிஷத்துல நடந்தது மைக்ரோன்னா, அக்கா உடனே "உன்னையும் அனுப்பிட்டாங்களா"ன்னு ஓடி வந்தா பாருங்க, அந்த பயம் அட்டவணைல எந்த பக்கத்து கட்டத்துல வரும்? அது மில்ஸ் பாடத்துல இருந்து ஹாலுக்கு நடந்து வந்தது. அட்டவணைல அதுக்கு இடமே இல்ல.

அதனாலதான் 10வது வீடியோவுக்கு ரெண்டு ஸ்டார். எடுத்தவங்களே இது இப்படி அமையும்னு எதிர்பாத்திருக்க மாட்டாங்கன்னு நெனக்கறேன், கேமரா ஒரே ஆங்கிள், சவுண்டு கொஞ்சம் கரகரப்பு, ஸ்லைடே கிடையாது. மேடம் எடுத்த எடுப்புலயே கேட்டாங்க: "சார், உங்க துர்கைம் வெச்சு கட்டுன நம்பரெல்லாம் அரசாங்க பதிவேட்டுல இருந்து வந்தது. அந்த பதிவேட்ட எழுதுனது யாரு?"

ஜாக் டக்ளஸ்னு ஒருத்தர் 1967ல இதே கேள்விய கேட்டிருக்காராம். ஒரு மரணம் நடக்குது, அது விபத்தா, இயற்கையா, தற்கொலையான்னு யாரோ ஒரு அதிகாரி ஒரு ரூம்ல உக்காந்து முடிவு பண்ணி எழுதறாரு. சொந்தக்காரங்க என்ன சொல்றாங்க, வீடு எப்படி இருந்துச்சு, இதெல்லாம் கேட்டுதான் அந்த முடிவு. உறவு நெருக்கமா இருக்கற ஊர்ல குடும்பம் சேந்து விஷயத்த மூடி மறைக்க வாய்ப்பு அதிகம், அப்போ அங்க நம்பர் கம்மியா தெரியும். அப்படின்னா துர்கைம் அளந்தது உறவோட இறுக்கம் உயிர காப்பாத்துனதையா, இல்ல விஷயத்த மறைச்சதையா? சார் கொஞ்ச நேரம் எதுவும் பேசல. அத எடிட் பண்ணாம அப்படியே விட்டிருக்காங்க பாருங்க, அதுக்காகவே கை தட்டலாம்.

எனக்கு அங்க வயித்த கலக்கிடுச்சு, ஏன்னா அந்த அதிகாரி நான்தான். கால் முடிஞ்சதும் எங்களுக்கு 20 செகண்ட் குடுப்பாங்க, கஸ்டமர் எதுக்கு கூப்பிட்டாருன்னு ஒரு டிராப்டவுன்ல செலக்ட் பண்ணணும், அடுத்த கால் கதவ தட்டிட்டு நிக்கும். லிஸ்ட்ல மொத ஆப்ஷன் "அக்கவுண்ட் பிரச்சனை". அகர வரிசைல அதான் மொதல்ல வரும். நானும் என் பக்கத்து சீட்டும் எதிர் சீட்டும் மூணு வருஷம் எத்தன ஆயிரம் கால அதுல தள்ளியிருப்போம்னு கணக்கே இல்ல, பாஸ்வேர்டு மறந்தவரும் அக்கவுண்ட் பிரச்சனை, சும்மா தனியா இருக்கு யார்கூடயாச்சும் பேசணும்னு கூப்பிட்ட பெரியவரும் அக்கவுண்ட் பிரச்சனை. அப்புறம் டேஷ்போர்டு சீட்டுக்கு வந்து நான் போட்ட மொத பிரசண்டேஷன் என்ன தெரியுமா, "அக்கவுண்ட் பிரச்சனைகள் ஏன் முதலிடத்தில் உள்ளன". கலர் கலரா சார்ட் போட்டு, மூணு காரணம் கண்டுபுடிச்சு, பாராட்டும் வாங்குனேன். என் கை போட்ட குப்பைய நானே எடுத்து, உக்காந்து ஆராய்ச்சி பண்ணியிருக்கேன்.

ஆனா சார் லேசுப்பட்ட ஆளு இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு அவரு திருப்பி கேட்டாரு: "சரிங்க மேடம், உங்க வெயிட்டர் கதவ தாண்டுனதும் சிரிக்கறான், ஒத்துக்கறேன். அந்த சிரிப்ப அவனுக்கு யாரு எழுதி குடுத்தா?" 1983ல ஆர்லி ஹோக்‌ஷீல்ட் விமான பணிப்பெண்கள வெச்சு பண்ணுன ஆய்வ எடுத்து போட்டாரு. சிரிப்புக்கு ட்ரெயினிங் இருக்கு, சூபர்வைசர் இருக்காரு, பயணிங்க எழுதி போடற கடிதம் இருக்கு. போட்டி ஏறி, பிளேன் பெருசாகி, ஒரு ஆளு கவனிக்க வேண்டிய பயணிங்க எண்ணிக்கை கூடுனப்போ அதே சிரிப்ப அதே தரத்துல குடுக்க முடியாம உதட்டளவுல மட்டும் சிரிக்க ஆரம்பிச்சாங்க. முகத்துல நடக்கற விஷயம்தான், ஆனா அந்த முகத்துக்கு பின்னாடி ஒரு தொழிலோட போட்டியே நிக்குது, முகத்த மட்டும் எவ்ளோ உத்து பாத்தாலும் அது தெரியாது. மேடம் சிரிச்சிட்டாங்க. கோஃப்மனே கடைசியா எழுதுன உரைல, நேருக்கு நேர் நடக்கறது ஒரு தனி ஒழுங்கு, அதுக்கும் பெரிய கட்டமைப்புக்கும் நடுவுல தொடர்பு உண்டு, ஆனா அது இறுக்கமான கட்டு இல்ல, தளர்வான முடிச்சுன்னுதான் சொன்னாருன்னு அவங்களே எடுத்து குடுத்தாங்க. 1982ல அமெரிக்க சமூகவியல் சங்கத்துல தலைவர் உரையா பேச வேண்டியது, உடம்பு முடியாம பேசல, அந்த வருஷமே இறந்துட்டாரு, அடுத்த வருஷம் அச்சுல வந்துச்சாம்.

அப்புறம் கிரானவெட்டர்னு ஒரு சமூகவியலாளர் 1978ல எழுதுனது. இது கேக்க விடுகதை மாதிரி இருக்கும். ஒரு சதுக்கத்துல 100 பேரு கோவமா நிக்கறாங்க. ஒருத்தன் யாருக்கும் காத்திருக்காம கல்ல எடுத்துடுவான். அடுத்தவன், ஒருத்தன் எறிஞ்சா நானும் எறிவேன். அடுத்தவன் ரெண்டு பேரு எறிஞ்சா எறிவான், இப்படியே 99 வரைக்கும். மொதல்ல ஒருத்தன் எறியறான், அத பாத்து ரெண்டாவது, அத பாத்து மூணாவது, 100 பேரும் இறங்கிட்டாங்க, பெரிய கலவரம். இப்போ அந்த ரெண்டாவது ஆள மட்டும் மாத்துங்க, ஒருத்தன் போதும்னு இல்லாம ரெண்டு பேரு எறிஞ்சாதான் நான் எறிவேன்னு. மொத ஆளு எறியறான், எல்லாரும் வேடிக்கை பாக்கறாங்க, முடிஞ்சு போச்சு. சராசரி எடுத்தா ரெண்டு கூட்டமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா ஒரு ஊர பத்தி பேப்பர்ல வன்முறைக் கும்பல்னு வரும், இன்னொரு ஊர பத்தி அமைதியான மக்கள், நடுவுல ஒரு கிறுக்கன்னு வரும். மேல இருந்து முடிவ மட்டும் பாத்து உள்ள இருக்கற ஆளுங்க குணத்த கணிக்க முடியாது, அதே மாதிரி ஒவ்வொரு ஆளையும் தனியா கூப்பிட்டு பேட்டி எடுத்தாலும் கலவரம் வருமான்னு சொல்ல முடியாது. யாருக்கு அப்புறம் யாரு, அந்த வரிசைதான் விஷயம். நான் வீடியோவ நிறுத்திட்டு எக்ஸெல்ல போட்டு பாத்தேன், ஒரு செல்ல மாத்துனா 100 வந்த இடத்துல 1 வருது. ரெண்டு தடவ சரி பாத்தேன்.

இந்த வீடியோவ மொத பாடமா வெச்சிருந்தா இந்த கோர்ஸ் வேற லெவல். அதுக்கு பதிலா 9 வீடியோ தள்ளி புதைச்சு வெச்சிருக்காங்க, அதுக்குள்ள பாதி பேரு பார்சன்ஸ் கட்டத்துலயே கழண்டுடுவாங்க.

கருப்பின அமெரிக்க சமூகவியலாளர் டு பாய்ஸுக்கு நடந்தது அதவிட அநியாயம். மனுஷன் 1896, 97ல ஃபிலடெல்ஃபியாவோட ஏழாவது வார்டுல மனைவியோட போய் தங்கி, வீடு வீடா ஏறி எறங்கி, ஏறக்குறைய 2,500 குடும்பத்துகிட்ட தானே கேட்டு எழுதி, அத வெச்சு தெரு தெருவா கலர் அடிச்ச மேப் போட்டு 1899ல வெளியிட்டவரு. கதவ தட்டுனதும் அவரே, கிராஃப் போட்டதும் அவரே. மேக்ரோவும் மைக்ரோவும் ஒரே ஆளோட நோட்டுல இருக்கு, இந்த சண்டையே தேவையில்லன்னு காட்ட வேற என்ன வேணும். கோர்ஸ்ல அவருக்கு கிடைச்சது ஒரு வரி, "மேலும் படிக்க" லிஸ்ட்ல.

சப்டைட்டில் ஆட்டோமேட்டிக். கோஃப்மன காஃபி மேன்னு போட்டிருக்கு, 6வது வீடியோ பூரா காஃபி மேன் தீவுக்கு போறாரு, காஃபி மேன் ஹோட்டல பாக்கறாரு. காது கேக்காதவங்க யாராச்சும் இத நம்பி படிச்சா பாவம். வீடியோ ஸ்பீடு மாத்தலாம், டவுன்லோடு பண்ணலாம், ஆப் தொங்கல, அதெல்லாம் ஓகே.

டெஸ்ட்தான் பஞ்சாயத்து. 20 கேள்வி, எல்லாம் அந்த அட்டவணைல இருந்து. 14வது கேள்வி: மேக்ஸ் வெபர் மேக்ரோவா, மைக்ரோவா? ரெண்டுல ஒண்ணுதான் டிக் பண்ண முடியும். வெபர் எழுதுனது அதிகார வர்க்கம், முதலாளித்துவம், மதம்னு பெரிய பெரிய விஷயம், சரி. ஆனா ஒரு செயல அத செய்யற ஆளு என்ன அர்த்தத்துல செய்யறான்னு உள்ள இருந்து புரிஞ்சுக்கணும், அதுல இருந்துதான் ஆரம்பிக்கணும்னு சொன்னதும் அதே வெபர்தானே, சாரே 4வது வீடியோல வாயால சொல்லியிருக்காரு. நான் மைக்ரோன்னு போட்டேன், தப்புன்னு வந்துச்சு. மேக்ரோன்னு போட்டிருந்தா சரின்னு வந்திருக்கும், ஆனா அதுவும் பாதிதான சரி. மார்க் போனது கவலை இல்ல, பாஸ் ஆயிட்டேன், சர்டிபிகேட்டும் வந்துச்சு, என் பேருல ஒரு எழுத்து கம்மியா. ஆனாலும் மனசு கேக்கல, கேள்வியே தப்பு, எடுத்துடுங்க, இல்ல "ரெண்டும்"னு ஒரு ஆப்ஷன் வைங்கன்னு நாலு பத்திக்கு விளக்கமா, 4வது வீடியோல எந்த நிமிஷம்னு டைம் போட்டு சப்போர்ட்டுக்கு எழுதுனேன். அஞ்சு நாள் பதிலே இல்ல. ஞாபகப்படுத்தி இன்னொரு மெயில். அதுக்கப்புறம் ஒரு ரிப்ளை, உங்க சிரமத்துக்கு ரொம்ப வருந்தறோம்னு ஆரம்பிச்சுது, எனக்கு அந்த வாக்கியம் மனப்பாடம், அத எழுதுன ஆளு மேல கோவம் கூட வரல. கேள்விய பத்தி ஒரு வார்த்தை இல்ல. டிக்கெட் முடிக்கப்பட்டதுன்னு கீழ சின்ன எழுத்துல இருந்துச்சு, அதுக்கும் கீழ வகைன்னு ஒரு கட்டம், அதுல "அக்கவுண்ட் பிரச்சனை"ன்னு போட்டிருந்தாங்க.